மாதச் சம்பளத்துக்கு எந்தப் பணம்? யாழ்ப்பாணத்துத் தொண்டு நிறுவனங்களின் வருமான வழிகள்: ஓர் ஒப்பீடு

நான் பொருளாளராகக் கணக்கெழுதும் முதியோர் இல்லத்தின் அலுவலகச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. அதன் கட்டங்களில் "அம்மாவின் ஆண்டுத் திவசம், மதிய உணவு, கனடா", "பேரனின் முதலாம் பிறந்தநாள், மூன்று வேளையும், லண்டன்" என்று நீல மையில் குறித்திருப்போம். தைப்பொங்கலன்றும் சித்திரைப் புத்தாண்டன்றும் ஒரே நேரச் சாப்பாட்டுக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் கேட்பதுண்டு. அந்த நாட்காட்டிக்குக் கீழே ஒரு கம்பியில் மின்சாரப் பட்டியலும், பராமரிப்பாளர்களின் சம்பளத் தாளும், ஊழியர் சேமலாப நிதிக்கு நாங்கள் செலுத்த வேண்டிய 12 வீதத்துக்கும் ஊழியர் நம்பிக்கை நிதிக்குரிய 3 வீதத்துக்குமான படிவங்களும் கோத்துக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தம் தாயின் நினைவாகப் பொறுப்பேற்கிறோம் என்று எவரும் தாமாக அழைத்துச் சொன்னதில்லை.

ஆகவே வருமான வழிகளை ஒப்பிடும்போது, எது அதிகம் தருகிறது என்பதை நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன். அந்தப் பணத்தைச் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் எடுக்க முடியுமா என்பதே முதற் கேள்வி. அது யாருடைய முடிவால், எவ்வளவு முன்னறிவித்தலோடு நின்றுபோகும் என்பது அடுத்தது. நூறு ரூபாய் திரட்டுவதற்கு எத்தனை ரூபாயும் எத்தனை மணித்தியாலமும் செலவாகின்றன என்பதையும் கூடவே எழுதிப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு நிதி வழங்குநர்களின் செயற்திட்டப் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2009இல் போர் முடிந்தபின் வடக்கில் இயங்கிய நிறுவனங்களில் பல இதனாலேயே வளர்ந்தன. தொகை பெரிது, மூன்று கடைகளில் விலை கேட்டு வாங்குவது, ஒவ்வொரு ஆண்டும் கணக்காய்வு செய்விப்பது போன்ற நல்ல ஒழுங்குகளை நாங்கள் கற்றுக்கொண்டதும் இதிலிருந்துதான். ஆனால் இந்தப் பணம் செயற்திட்டத்தின் பெயரில் வந்து செயற்திட்டத்தோடு முடிந்துவிடுகிறது. நிர்வாகச் செலவுக்கென்று அதில் ஒதுக்கப்படும் பங்கு சிறியது. முன்மொழிவும் காலாண்டு அறிக்கைகளும் எழுதுவதற்கே ஒரு முழுநேர ஊழியர் தேவைப்படுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை நிறுத்தும் முடிவு நமக்குத் தெரியாத ஓர் அறையில் எடுக்கப்படுகிறது. 2025 ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தினார். அதே ஆண்டு ஜூலைக்குள் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூ.எஸ்.எயிட் தனி நிறுவனமாக இயங்குவதே நின்றுபோனது. அந்தப் பணத்தில் சம்பளம் பெற்றுவந்தவர்களுக்கு, தங்கள் வேலையில் குறை ஏதும் இல்லாதபோதும், வேலை இல்லாமற் போனது.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1823இல் அமெரிக்க மிசன் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலவழி உயர்கல்வியை விடத் தாய்மொழியில் செய்யும் சமயப் பணிக்கே பணம் போக வேண்டும் என்று பொஸ்ரனில் இருந்த தலைமைச் சங்கம் கொள்கையை மாற்றிக்கொண்டதே அதற்குப் பெரிய காரணம். 1872இல் உள்ளூர்க்காரரின் முயற்சியும் சேர்ந்து யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோது, அதற்கென, முதலைத் தொடாமல் அதன் வருமானத்தை மட்டும் செலவிடும் ஒரு மூலநிதியும் திரட்டப்பட்டது. செமினரியின் கதவு மூடப்பட்டதைக் கண்டவர்கள் எதைப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அந்த மூலநிதியே சான்று என்று நான் கருதுகிறேன்.

புலம்பெயர்ந்த உறவுகளின் பணத்தை இதற்கு எதிரே வைத்துப் பார்த்தால், பல வகையில் அது மேலானது. அதைப் பெற முன்மொழிவு எழுத வேண்டியதில்லை. ஊரையும் மனிதரையும் தெரிந்தவர்கள் தருகிறார்கள். 2022இல் இதன் இன்னொரு பலமும் தெரிந்தது. அந்த ஆண்டின் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியபோது, அரிசியும் எரிவாயுவும் ஏறிய விலையைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு வெளிநாட்டு நன்கொடையின் ரூபாய்ப் பெறுமதியும் ஏறியது. அந்த ஆண்டு எங்கள் அடுப்பு அணையாமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

எனினும் இந்தப் பணத்தை ஒரே வகையாகக் கணக்கிடக் கூடாது. திவசத்துக்கும் பிறந்தநாளுக்கும் வரும் பணம் அன்றைய சாப்பாட்டோடு தீர்ந்துவிடும். கட்டடத்துக்கு வரும் பணம் பெயர்க்கல்லோடு வந்து, கூடுதல் மின்குமிழ்களையும் கூட்டிப் பெருக்க வேண்டிய கூடுதல் அறைகளையும் விட்டுச் செல்கிறது. வங்கிக் கட்டளை மூலம் மாதந்தோறும் வரும் 20 பவுணோ 30 டொலரோதான், தொகை சிறிதானாலும், நிறுவனத்தைத் தாங்குகிறது. இதை வளர்க்க அங்குள்ள சட்டங்களையும் தெரிந்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு அங்கு வரி செலுத்துபவர் ஒருவர் ஒரு பவுண் கொடுத்தால், கிஃப்ட் எயிட் ஏற்பாட்டின் கீழ் அந்த அறக்கட்டளை அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸ் பெறலாம். கனடாவில் பதிவுபெற்ற அறக்கட்டளைகள், உரிய கண்காணிப்போடு, அங்கு அப்படிப் பதிவு பெறாத வெளிநாட்டு அமைப்புகளுக்கும் நிதி வழங்குவதற்கு 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி திறந்தது. ஊர்ச் சங்கத்தின் கிளை அங்கே முறையாகப் பதிவாகியிருந்தால், அதே மனிதர்களின் அதே பணம் கூடுதலாக வந்து சேரும்.

இந்த வழியில் எனக்கு மனக்குறையும் உண்டு. பெயர்பெற்ற பாடசாலைக்கும், ரொறன்ரோவில் ஒன்றியம் வைத்திருக்கும் ஊருக்கும் பணம் தாராளமாக வருகிறது. வெளிநாட்டில் உறவில்லாத கூலித் தொழிலாளர் குடியிருப்பின் முன்பள்ளிக்கு ஒன்றும் வருவதில்லை. தந்தவருக்குச் சான்று காட்ட, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வயோதிபரைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பும் வழக்கத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. பற்றுச்சீட்டையும் கடைப் பட்டியலையும் படம் எடுத்து அனுப்பினால் போதும். தருபவர்களில் பெரும்பாலோர் அதை மறுப்பதில்லை. அங்கே பிறந்த பிள்ளைகள் தாய் தகப்பனைப் போலத் தொடர்ந்து தருவார்களா என்ற கேள்வி இன்னும் பத்து ஆண்டுகளில் எல்லா நிறுவனங்களின் வாசலிலும் வந்து நிற்கும்.

சொந்தத் தொழில் செய்து சம்பாதியுங்கள் என்பதே இப்போது பயிற்சிப் பட்டறைகளில் அதிகம் கேட்கும் அறிவுரை. மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பனங்கட்டியும் நினைவுக்கு வருகின்றன. பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இயங்கும் மண்ணில் அது இயல்புதான். தொழிற் பணத்தின் பெருமை அதன் சுதந்திரம்: இலாபத்தை எதற்கும் செலவிடலாம், எவருக்கும் அறிக்கை எழுத வேண்டியதில்லை. ஆனால் இலாபம் வரும் வரை முதல் முடங்கிக் கிடக்கும். ஆவணி, புரட்டாசியில் பொறுக்கிய பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கிக் கிழங்காக்கி, கிண்டியெடுத்துப் பிளந்து, வெயிலில் காயவைத்து ஒடியலாக்கி விற்பதற்கு மறு வருடம் பிறந்துவிடும். மிளகாய்த்தூளுக்குத் தேவையான செத்தல் மிளகாய் பெரும்பாலும் இறக்குமதியாவதால் ரூபாய் சரியும்போதெல்லாம் அடக்கவிலை ஏறும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்கள் சங்கம் நன்கொடையாகக் கிடைத்த அரைக்கும் ஆலையைத் திறந்துவைத்த நாளில் ஊரே கூடியது. ஆனால் ஆலையைப் பழுதுபார்க்கும் செலவையும் பொதி செய்பவரின் கூலியையும் விலையில் சேர்க்காமல் விற்றதால், ஒவ்வொரு கிலோவிலும் நட்டப்பட்டதை ஆண்டு முடிவில்தான் கண்டார்கள். தொண்டு என்ற பெயருக்காக வியாபார வரி தானாக நீங்கிவிடுவதும் இல்லை. வியாபாரத்தை முழுநேரமாகப் பார்க்க ஓர் ஆள் இல்லாத நிறுவனம் இந்த வழியில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நிலையான வைப்பும் காணியும் இதற்கு நேர்மாறானவை. ஆரவாரம் இல்லாமல், யாரையும் கேட்காமல் வருமானம் தருபவை. 50 இலட்சம் ரூபாயை 8 வீத வட்டிக்கு வைத்தால் ஆண்டுக்கு 4 இலட்சம் வரும். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் பிடிக்கப்படும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாகியதால், அது கழிய மாதம் 30,000 ரூபாய் கையில் நிற்கும். அது ஒரு பராமரிப்பாளரின் முழுச் சம்பளத்துக்கும் போதாது என்றாலும், எந்த மாதமும் தவறாது. இதன் எதிரி பணவீக்கம். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அது 70 வீதத்தை நெருங்கியபோது, அதற்கு முன் குறைந்த வட்டிக்கு நீண்டகால வைப்பில் இட்டவர்கள் முதலின் பெறுமதி கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்க்காத மூலநிதி பெயரளவிலேயே மூலநிதி.

காணி அந்த வகையில் உறுதியானது. தர்மசாதனம் என்ற அறக்கொடைப் பத்திரம் எழுதி மடத்துக்கும் பள்ளிக்கும் காணி விட்ட மரபு நமக்கு உண்டு. வெளிநாட்டில் வயதாகிக்கொண்டிருக்கும் உரிமையாளர்களில் சிலர் இன்றும் அதற்கு விருப்பத்தோடு இருக்கிறார்கள். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டக்காணி சில பரப்பு இருந்தாலும் குத்தகை வரும். ஆனால் காணி உறுதிப் பத்திரம் தெளிவாக இருக்க வேண்டும், எல்லைவேலி அடைபட்டிருக்க வேண்டும், குத்தகை எழுத்தில் இருக்க வேண்டும். பத்து ஆண்டுகள் தடையின்றிக் காணியை ஆண்டவர் உரிமை கோர இந்நாட்டுச் சட்டம் இடமளிப்பதை நிர்வாக சபைகள் பல வேளைகளில் மறந்துவிடுகின்றன.

உள்ளூர்ச் சிறு சந்தாவைப் பற்றி நிதி ஆலோசகர்கள் அதிகம் பேசுவதில்லை. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்த பிடியரிசியும், விளைச்சலிலும் விற்பனையிலும் ஒரு பங்கை ஒதுக்கிய மகமையும் இந்த மண்ணின் முறைகள். மாதம் 200 ரூபாய் தரும் நூறு வீடுகள் 20,000 ரூபாய்தான் தரும். சைக்கிளில் அலைந்து சேர்ப்பவரின் நேரத்தைக் கணக்கிட்டால் அது இன்னும் குறையும். ஆனாலும் அந்த நூறு வீட்டாரும் பொதுக்கூட்டத்துக்கு வந்து கணக்குக் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர் எங்களை நம்பலாமா என்று ஊரில் விசாரிக்கும்போது பதில் சொல்பவர்களும் அவர்களே. வங்கிகளும் பெரிய கம்பனிகளும் தரும் சமூகப் பொறுப்பு நிதி பெரும்பாலும் புத்தகப்பையும் பதாகையுமாக வருவதால், வந்தால் வாங்கிக்கொள்ளலாம். அதை வைத்து வரவு செலவுத் திட்டம் போட முடியாது.

எங்கள் சபை சென்ற ஆண்டு எடுத்த முடிவு இந்த ஒப்பீட்டிலிருந்து வந்தது. நிரந்தர ஊழியரின் சம்பளத்தை மாதச் சந்தாவிலிருந்தும் வட்டியிலிருந்தும் மட்டுமே கொடுப்பது. செயற்திட்டப் பணத்தைக் காலவரையறை உள்ள வேலைக்கு மட்டுமே ஏற்பது. தொழில் முயற்சியை இப்போதைக்குத் தள்ளிவைப்பது. இவற்றை விட உடனே பலன் தந்தது, மதிய உணவுக்கு நாங்கள் சொல்லும் தொகையை மாற்றி எழுதியதுதான். முன்பு அரிசி, மரக்கறி, எண்ணெய் விலையை மட்டும் கூட்டிச் சொல்வோம். இப்போது எரிவாயு, சமையற்காரரின் ஒரு நாட்கூலி, சேமலாப நிதிப் பங்கு, அன்றைய மின்சாரம், தண்ணீர் எல்லாவற்றையும் வரி வரியாக எழுதி, மொத்தத்தைக் கீழே போட்டு அனுப்புகிறோம். தொகை ஏறக்குறைய இரட்டிப்பானது. முதல் மாதத்தில் இரண்டு பேர் அழைத்து விளக்கம் கேட்டார்கள். தாளில் உள்ளதைத் தொலைபேசியில் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். இருவரும் முழுத் தொகையையும் அனுப்பினார்கள்.