ஊறுகாய்க்குப் பக்கத்தில் ஐ.நா. சபை

டர்பன் ஓவர்போர்ட் மேட்டில் ஒரு பழைய புத்தகக் கடை. குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. கடைக்காரர் நல்ல மனுஷர்.

நான் தேடிப் போனது விஜயலட்சுமி பண்டிட்டின் தன்வரலாறு, 1979-இல் வந்தது. அரசியல், வரலாறு இரண்டு அலமாரியையும் குடைந்து பார்த்தாயிற்று, இல்லை. "பொம்பளைங்க எழுதினதெல்லாம் அந்தப் பக்கம், ஆன்ட்டி" என்றார். அந்தப் பக்கம் என்றால் கேக், ஊறுகாய், ஸ்வெட்டர் பின்னல். ஐ.நா. பொதுச்சபைக்கு 1953-இல் முதல் பெண் தலைவரானவர் அங்கேதான் மாட்டியிருந்தார். 140 ரேண்ட் கொடுத்தேன். அட்டை ஒட்டு விட்டுப்போயிருந்தது. ஈர வாடை போக இரண்டு நாள் வெயிலில் வைத்தேன்.

அந்த 140 வீண் போகவில்லை. 1946-இல் இங்கே இந்தியர்கள் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் கட்டுப்பாடு போட்ட ஆசியர் நிலச் சட்டம் வந்தபோது, அம்பிலோ ரோடும் கேல் ஸ்ட்ரீட்டும் சேரும் மூலையில் நம்மவர்கள் கூடாரம் போட்டுச் சத்தியாகிரகம் செய்தார்கள். எங்கள் ஆயா அங்கே சோற்றுக் கூடை தூக்கிப் போனவள். "அப்புறம் நியூயார்க்ல போய்க் கேட்டாங்களாம்" என்பதோடு அவள் கதை முடிந்துவிடும். எப்படிக் கேட்டார்கள் என்பது எனக்கு இந்தப் புத்தகத்தில்தான் கிடைத்தது. இங்கே இந்தியர்களை நடத்தும் விதம் பற்றி இந்தியா ஐ.நா.வில் முறையிட்டது, இந்தியக் குழுவுக்குத் தலைவர் பண்டிட். டிசம்பர் 8, தீர்மானத்துக்கு ஓட்டு 32-க்கு 15. மூன்றில் இரண்டு பங்கு தேறிவிட்டது. பண்டிட் நேரே எதிர்வரிசைக்குப் போய்த் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸுக்குக் கைகொடுத்து, தான் ஏதாவது வரம்பு மீறிப் பேசியிருந்தால் மன்னிக்கச் சொல்கிறார். கிழவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, இது வெற்று வெற்றிதான் குழந்தாய், என் பதவி போய்விடும், உனக்கும் ஒன்றும் கிடைக்காது என்கிறார். 1948 தேர்தலில் அவர் தோற்றார், அபார்தைட் என்ற நிறவெறி ஆட்சி வந்தது. ஐ.நா. தீர்மானத்தைப் படித்தால் இந்தக் கைகுலுக்கல் இருக்காது. எங்கள் ஆயாவாக இருந்தால் மன்னிப்பெல்லாம் கேட்டிருக்க மாட்டாள், அது வேறு.

அதே தட்டில் டாக்டர் குணத்தின் 'கூலி டாக்டர்' கிடைத்தது, 90 ரேண்ட். அந்த 1946 போராட்டத்தில் சிறைக்குப் போன நம்ம ஊர் டாக்டரம்மா எழுதியது. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன்.

மூன்றாவதாக மேரி மொன்டகுவின் கடிதங்கள் இருந்தன. 1716-இல் தூதர் மனைவியாகத் துருக்கிக்குப் பயணப்பட்டவர். கணவருக்குக் கதவு திறக்காத பெண்கள் பகுதிக்குள் போய்ப் பழகி எழுதியவர், அங்கே பார்த்த அம்மைக் குத்தைத் தன் மகனுக்கே போட்டவர். பாதிப் பக்கம் பூச்சி அரித்திருந்தது. வாங்கவில்லை.

கார்டு வாங்க மாட்டார், காசு கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பூட்டிவிடுவார். கார் நிறுத்த மேடு ஏறிச் சுற்ற வேண்டும்.

போன வாரம் போனபோது அவர் பார்க்காத நேரம் மொன்டகுவை எடுத்து அரசியல் அலமாரியில் சொருகிவிட்டு வந்தேன். நேற்றுப் பார்க்கிறேன், மறுபடி ஊறுகாய்க்குப் பக்கத்தில்.