மீகே சுரங்கச் சுற்றுலா: மிகாவாவுக்கு இன்னும் நேரம் தேவை

ஜப்பானின் கியூஷூ தீவில், ஃபுகுவோகா நகரிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஓமுதாவில், மூடப்பட்ட மீகே நிலக்கரிச் சுரங்கங்களை ஒரே நாளில் சுற்றிக்காட்டும் வழிகாட்டிச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. போருக்குப் பிந்தைய ஜப்பானின் மிகப் பெரிய தொழிற்போராட்டமான 1960-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் நடந்த மண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

முற்பகல் முழுவதும் குறை சொல்ல இடமில்லை. மியானோஹாரா, மண்டா ஆகிய இரு சுரங்கங்களிலும் எஃகுக் கோபுரங்களும், செங்கல் கட்டடங்களுக்குள் ஆட்களை ஏற்றியிறக்கிய இழுவை இயந்திரங்களும் நன்கு காக்கப்பட்டிருக்கின்றன. நிலத்தடி நீரை வெளியேற்றுவதுதான் மீகேயின் தீராத சிக்கல் என்பதையும், டான் தகுமா என்ற பொறியாளர் பெரிய நீராவி இறைப்பான்களைக் கொண்டு அதை எதிர்கொண்டதையும் வழிகாட்டி பொறுமையாக விளக்கினார். மியானோஹாராவில் 1930 வரை சிறைக்கைதிகள் வேலை வாங்கப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை; அந்த நேர்மை பாராட்டுக்குரியது.

பிற்பகலில் மிகாவா சுரங்கத்துக்கு வந்ததும் விளக்கம் சுருங்கிவிட்டது. 1940-இல் திறக்கப்பட்ட மிகாவா, மெய்ஜி காலத் (1868–1912) தொழில்வளர்ச்சியை மையமாகக் கொண்டு 2015-இல் அறிவிக்கப்பட்ட உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறாதது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 20-ஆம் நூற்றாண்டு ஜப்பானியத் தொழிலாளர் வரலாற்றைப் பொறுத்தவரை மீகேயின் மற்ற எல்லா இடங்களையும்விட மிகாவாவே முக்கியமானது. இங்கே வேலைநிறுத்தம் நடந்தது, தொழிலாளர் தோற்றனர் என்ற அளவில் வழிகாட்டி முடித்துக்கொண்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

1953-இல் ஆட்குறைப்பை எதிர்த்து 113 நாட்கள் போராடி மீகே தொழிற்சங்கம் வென்றதைச் சொல்லாமல் 1960-ஐ விளக்க முடியாது. அந்த வெற்றியால் சங்கத்தின் குரல் ஒவ்வொரு பணியிடத்திலும் ஓங்கியது. கியூஷூ பல்கலைக்கழகப் பேராசிரியர் சகிசாகா இத்சுரோவின் வழிகாட்டலில் தொழிலாளர்கள் மார்க்சியம் பயின்றனர். சுரங்கத் தொழிலாளரின் மனைவியரும் தமக்கென அமைப்பு கண்டிருந்தனர். நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டிருந்த வேளையில், 1959 டிசம்பரில் சுரங்க உரிமையாளரான மித்சுயி நிறுவனம் மீகேயில் 1,200-க்கும் மேற்பட்டோரைப் பெயர் குறித்துப் பணிநீக்கம் செய்தபோது, அவர்களில் சுமார் 300 பேர் சங்கத்தின் முன்னணிச் செயல்பாட்டாளர்களாக இருந்தனர். இது செலவுக் குறைப்பு மட்டுமல்ல, சங்கத்தின் முதுகெலும்பை முறிக்கும் முயற்சி என்று தொழிலாளர்கள் கருதியதில் வியப்பில்லை.

1960 ஜனவரி 25-இல் நிறுவனம் கதவடைப்பு செய்ய, சங்கம் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மார்ச்சில் சங்கம் பிளந்து, வேலைக்குத் திரும்ப விரும்பியவர்கள் இரண்டாவது சங்கம் கண்டனர். அந்த மாத இறுதியில் மறியலில் நின்ற தொழிலாளர் ஒருவரை அடியாட்கள் குத்திக் கொன்றனர். வெட்டிய நிலக்கரி வெளியே போகும் வழியான மிகாவாவின் சேமிப்புக் கிடங்கை மறித்துவிட்டால் நிறுவனத்தின் கை கட்டப்படும் என்பதால் மோதல் அங்கே குவிந்தது. ஜூலையில் சுமார் 20,000 மறியலாளர்களும் 10,000 காவலர்களும் அங்கே எதிரெதிரே நின்றனர். அப்போதுதான் பதவியேற்ற பிரதமர் இகேதாவின் அரசு, மத்தியத் தொழிலாளர் ஆணையத்தின் மூலம் சமரசத்துக்கு வழி கண்டது. பணிநீக்கத்தைத் தாமாக விலகியதாக மாற்றிக்கொள்ளலாம் என்ற அந்தச் சமரசத்தைத் தொழிலாளர்கள் இறுதியில் ஏற்க நேர்ந்தது. நவம்பர் 1-இல் போராட்டம் முடிந்தது. மூலதனம் முழுவதும் ஒருபுறம், உழைப்பு முழுவதும் மறுபுறம் என்று ஜப்பானியர் அதை நினைவுகூர்வது மிகையன்று.

1963 நவம்பர் 9-இல் இதே மிகாவாவில் நிலக்கரித் தூசி வெடித்து 458 பேர் இறந்ததையும், 800-க்கும் மேற்பட்டோர் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு ஆளானதையும் வழிகாட்டி தனி விபத்தாகவே சொன்னார். தோல்விக்குப் பின் ஆட்கள் குறைக்கப்பட்டுப் பாதுகாப்புப் பணிகள் தளர்ந்ததே காரணம் எனத் தொழிலாளர் தரப்பு தொடர்ந்து வாதிட்டது. அந்த வாதத்தையாவது பார்வையாளர் முன் வைத்திருக்க வேண்டும்.

இயந்திரங்களிலும் மெய்ஜி காலத்திலும் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். விளக்கம் முழுவதும் ஜப்பானிய மொழியில்தான். தொழிலாளர் வரலாற்றைத் தேடி வருபவர்கள், வார இறுதியில் ஓமுதாவிலேயே தங்கி, மிகாவாவுக்கும் நகரின் நிலக்கரித் தொழில் அருங்காட்சியகத்துக்கும் தனியாக இன்னொரு நாளை ஒதுக்கிக்கொள்வது நல்லது.