பைண்டு செய்த பழைய 'கல்கி' தொடர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வாட்ஸாப் புத்தகக் குழுக்களில் ஒருவர் சில மாதங்களாகவே ஒரே மாதிரி விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார். "பொன்னியின் செல்வன், கல்கியில் முதல் தடவை வந்தது, மணியம் ஓவியங்களோடு, ஐந்து பாகமும் முழுசு." கூடவே நான்கைந்து படங்கள். பழுத்த தாள், காலிகோ துணி ஒட்டிய முதுகு, வந்தியத்தேவன் குதிரை மேல். பார்த்தால் கை துறுதுறுக்கும். நான் 18,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வந்து சேர்ந்த ஐந்து வால்யூமில் உண்மையாகவே முதல் தடவை வந்த பக்கங்கள் கால்வாசிகூட இல்லை.

இந்தத் தொகுப்புகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் கேட்பார்கள். 1950 முதல் 1954 வரை இந்தக் கதை வாராவாரம் வந்தது. இதழ் வந்ததும் கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து வைத்திருந்து, பாகம் முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் கட்டிவாங்கிய வீடுகள் எத்தனையோ. அவற்றில் பெரும்பாலானவை செல்லரித்தும் எடைக்குப் போயும் அழிந்துவிட்டன. மிச்சமிருப்பவற்றில் கதை மட்டுமா இருக்கிறது? அந்த வாரத்து விளம்பரம், வாசித்தவர் ஓரத்தில் எழுதிய குறிப்பு, அத்தியாயத்தின் தலைப்பில் மணியத்தின் கோட்டோவியம் எல்லாம் இருக்கின்றன. கதை வேண்டுமென்றால் எந்தக் கடையிலும் புதுப் பதிப்பு கிடைக்கும். பழைய தாளைத் தேடிப் போவது இதற்காகத்தான்.

முதல் வால்யூமின் முதல் சில அத்தியாயங்கள் அசல். அவர் அனுப்பிய படங்களும் அந்தப் பக்கங்களே. கொஞ்சம் தள்ளிப் புரட்டியதும் ஓவியத்தின் மூலையில் கையெழுத்து மாறியது. மணியம் போய் வினு வந்துவிட்டார். வினுவின் ஓவியங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும், அது வேறு விஷயம். கல்கி இதழ் இந்தக் கதையைப் பின்னாளில் மறுபடியும் தொடராக வெளியிட்டபோது அவர் வரைந்தார். இன்னொரு தடவை வெளிவந்தபோது பத்மவாசன் வரைந்தார். அவையும் சேகரிக்க வேண்டியவைதான், ஆனால் அவற்றுக்கு இந்த விலை இல்லை. முதல் தடவை வந்தது என்று சொல்லி அவற்றை விற்பது மோசடி.

மூன்றாவது வால்யூமில் கதைப் பக்கத்தின் பின்னால் ஒரு தைல விளம்பரம். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு. பின்கோடு நடைமுறைக்கு வந்ததே 1972-இல். ஐந்தாவது வால்யூமில் 'லை', 'னை' எல்லாம் இன்றைய வடிவத்தில் அச்சாகியிருந்தன. தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978-இல். அதற்கு முன்னால் பெரும்பாலான இதழ்களில் அந்த எழுத்துகள் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த கொம்போடுதான் இருக்கும். நடுநடுவே கலர் ஜெராக்ஸ் தாள்களும் இருந்தன. பழுப்பு நிறத்தையும் சேர்த்தே பிரதி எடுத்திருக்கிறார்கள், அதனால் பக்கம் முழுக்க ஒரே சீரான பழுப்பு. அசல் மரக்கூழ்த் தாள் அப்படிப் பழுக்காது. காற்றும் வெளிச்சமும் படுகிற ஓரம் கருத்து, உள்ளே போகப்போக வெளுத்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்தால் ஜெராக்ஸ் மை பளபளக்கும், மடிப்பில் உதிரும்.

போன் செய்து கேட்டேன். "பழைய புக்குன்னா அப்படித்தான் சார் இருக்கும். எனக்கு வந்ததை அப்படியே அனுப்பிட்டேன்" என்றார். பக்க எண் இருக்கும் விளிம்பையே வெட்டியிருக்கிறதே என்றதற்கு, பைண்டர் செய்த வேலை என்றார். பின்கோடு விஷயத்தைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார். குழுவில் எழுதினேன். அன்று ராத்திரியே செய்தி வந்தது: பாதிப் பணம் தருகிறேன், பதிவை எடுத்துவிடுங்கள் சார். நான் எடுக்கவில்லை. இப்போது வேறு எண்ணிலிருந்து, வேறு பெயரில், அதே படங்களைப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்.

பணம் போனதைவிட என்னை வேதனைப்படுத்துவது இதற்கப்புறம் தெரியவந்ததுதான். என் பதிவைப் பார்த்துக் கோவையிலிருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். அவரும் இதே ஆளிடம் வாங்கியிருக்கிறார். என்னிடம் உள்ள அசல் பக்கங்களில் அத்தியாய எண்ணை யாரோ பச்சை மையால் மூலையில் எழுதி வட்டமிட்டிருக்கிறார்கள். அவருடைய இரண்டாம் பாகத்தில் அசலாக இருக்கிற பக்கங்களிலும் அதே பச்சை மை, அதே வட்டம், அதே கையெழுத்து. அப்படியென்றால், முழுசாக இருந்த ஒரு தொகுப்பைப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் மேலே கொஞ்சம் அசல் பக்கங்களை வைத்து, கீழே பிற்காலப் பக்கங்களையும் ஜெராக்ஸையும் திணித்துப் பலருக்கு விற்றிருக்கிறார். யாரோ ஒருவர் மூன்றரை வருஷம் வாராவாரம் சேர்த்துக் கட்டிவைத்ததை ஒரே நாளில் பிய்த்துப் போட்டுவிட்டார். 18,000 ரூபாயை மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம். அந்தத் தொகுப்பை எங்கே போய்ச் சம்பாதிப்பது?

வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது கதைப் பக்கத்தின் பின்பக்கத்தை. விற்கிறவர் முன்பக்கத்தைத்தான் காட்டுவார். பின்னால் இருக்கிற விளம்பரம் பொய் சொல்லாது. விலை அணாவில் இருக்க வேண்டும். நயா பைசா என்றிருந்தால் அது 1957 ஏப்ரலுக்குப் பிற்பட்டது. 'தமிழ்நாடு அரசு' என்றிருந்தால் மாநிலத்துக்கு அந்தப் பெயர் வந்த 1969-க்குப் பிற்பட்டது. பழைய கொம்பு எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட முடியாது, 70களில் வந்த பக்கங்களிலும் அது இருக்கும். மணியத்தின் கையெழுத்தும் தனியாகப் போதாது. அவர் ஓவியங்களோடு புத்தகப் பதிப்புகள் வந்துவிட்டன, அதிலிருந்து ஜெராக்ஸ் எடுப்பது சுலபம்.

படத்தை நம்பாதீர்கள், வீடியோ கால் கேளுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, நீங்கள் சொல்கிற அத்தியாயத்தைத் திறக்கச் சொல்லுங்கள். மூன்றாம் பாகம் பத்தாவது, ஐந்தாம் பாகம் கடைசி என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். "நெட்வொர்க் சரியில்லை", "புக் குடோன்ல இருக்கு" என்று இழுத்தால் விட்டுவிடுங்கள். எந்த வருஷத்து இதழ், யார் ஓவியம், எத்தனை பக்கம் ஜெராக்ஸ் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஜிபே. பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலே அனுப்பாமல் ஏமாற்றினால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

நியாயமாக விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திருவல்லிக்கேணியில் ஒரு பெரியவர், "இதுல மூணு அத்தியாயம் இல்ல தம்பி, அதுக்குத் தகுந்த மாதிரி குடு" என்று கேட்கும் முன்பே சொல்லித்தான் கொடுப்பார். என் அலமாரியில் பாதிக்கு மேல் அவரிடம் வாங்கியவை. நானும் இரட்டையாக இருக்கிறவற்றை விற்கிறவன்தான், குறையைச் சொல்லி விற்றாலும் வாங்க ஆள் இருக்கிறது.

கோவை நண்பரும் நானும் எங்களிடம் உள்ள பச்சை மைப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். முதல் பாகத்தின் தொடக்கமும் இரண்டாம் பாகத்தில் ஒரு பகுதியும் இப்போது ஒரே இடத்தில் இருக்கின்றன. உங்களிடம் உள்ள தொகுப்பில், மேல் மூலையில் பச்சை மையால் வட்டமிட்ட அத்தியாய எண் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். நீங்கள் கொடுத்த விலையையே தருகிறோம். உங்களுக்கே அந்தத் தொகுப்பு வேண்டுமென்றால், எங்களிடம் இருப்பதை உங்களுக்கு அனுப்பிவிடுகிறோம்.