நோட்டுப் புத்தகமா, வாட்ஸ்அப்பா, கூகுள் ஷீட்டா?

திருவாரூர் பக்கம் ஒரு சின்ன உதவி மையத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் போய்வருகிறேன். ஓர் அறை, ஒரு பெஞ்சு, ஒரு பீரோ, பழைய லேப்டாப் ஒன்று, வேலை பார்க்க இரண்டு அக்காக்கள். விதவை உதவித்தொகை திடீரென்று நின்றுபோனவர், பயிர்க் காப்பீட்டுப் பணம் வராதவர், குழுக்கடன் வசூலுக்கு ஆள் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டதால் வீட்டுக்குப் போகப் பயப்படுகிறவர், புருஷனிடம் அடிபட்டு வந்தவர் என்று எல்லோரும் அந்த ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். மனு எழுதித் தருவோம், தாலுகா ஆபீசுக்குக் கூடப் போவோம், அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுவோம். இதற்காக ஆதார், பாஸ்புக், சிட்டா, அடங்கல் என்று வாங்கிக் குவித்ததை எங்கே வைப்பது என்று எங்களுக்குள் பல மாதம் வாக்குவாதம். நோட்டு, வாட்ஸ்அப், கூகுள் ஷீட், லேப்டாப்பில் எக்செல் என்று நான்கு வழிகளையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

பெரிய அக்காவின் கட்சி நோட்டுப் புத்தகம். “பீரோல பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிட்டா எவன் எடுப்பான்?” என்பார். நியாயம்தான். கரண்ட் வேண்டாம், நெட் வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது கையில் எழுதி வைத்திருந்தவர்கள்தான் கணக்குச் சொன்னார்கள். அதே புயலில் ஓடு பறந்து, நனைந்து கூழாகிப்போன நோட்டுகளும் உண்டு. கரையானைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் நோட்டின் உண்மையான ஓட்டை பீரோவில் இல்லை, மேசையில் இருக்கிறது. கட்டம் போட்ட ரிஜிஸ்டரில் ஒருவர் கையெழுத்துப் போடக் குனிந்தால் மேலே உள்ள பத்து வரியும் கண்ணில் படும். சென்னையில் அது யாரோ ஒருவர் பெயர். இங்கே அடுத்த தெரு மருமகள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று முதலில் நினைத்தோம். போதவில்லை. தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் ஊர்கள் இவை. அதோடு ‘கீற்று முடைகிறவர், இரண்டு பெண் பிள்ளைகள், கணவர் திருப்பூரில்’ என்று எழுதினால், அந்த ஊர் டீக்கடையில் எவரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே கட்ட ரிஜிஸ்டரைத் தூக்கிப்போட்டு, ஆளுக்கு ஒரு தாள் என்று மாற்றினோம். தாளில் எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்பது வேறொரு சின்ன நோட்டில், வேறு பூட்டுக்குள்.

பழைய தாள்களின் கதை தனி. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி வாங்கினால், சுற்றித் தந்த காகிதம் யாருடைய விண்ணப்பமோ, போட்டோவோடு. எந்த ஆபீசிலிருந்து எடைக்குப் போனதோ தெரியாது. அன்றிலிருந்து நாங்கள் எடைக்குப் போடுவதில்லை, எரித்துவிடுகிறோம்.

வாட்ஸ்அப், சின்ன அக்காவின் கட்சி. “அதுல நடுவுல எவனும் படிக்க முடியாதாம்ல?” என்றார். சரிதான், 2016லிருந்து இரண்டு முனைக்கும் நடுவே பூட்டுத்தான். ஆனால் இதுவரை நான் பார்த்த எந்தக் கசிவும் நடுவில் நடக்கவில்லை, முனையில்தான் நடந்தது. ஆதாரைப் படம் எடுத்து அனுப்பினால் அது போன் கேலரியில் போய் உட்காரும், கல்யாணப் போட்டோவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடுவில். பையன் கேம் விளையாட வாங்கிப் பார்ப்பான். டிஸ்ப்ளே உடைந்தால் சர்வீஸ் கடைக்காரர் பார்ப்பார். பேக்கப்புக்கும் பூட்டுப் போடும் வசதி 2021இல் வந்துவிட்டது, ஆனால் நாமே போய் ஆன் செய்யவேண்டும். தானாக அழியும் செய்திக்கு 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் கேலரியில் இறங்கிவிட்ட படம் அழியாது. குரூப் என்றால் பேச்சே வேண்டாம். எங்கள் குரூப்பில் வேலையை விட்டுப் போய் ஒரு வருடமான தன்னார்வலர் இரண்டு பேர் இருந்தார்கள், எங்களுக்கே தெரியாமல்.

கூகுள் ஷீட் வேலைக்குச் சுகம். யாருடைய மனு எந்த ஆபீசில் தூங்குகிறது என்று ஒரு நொடியில் தேடிவிடலாம், நோட்டில் அது அரைமணி நேர வேலை. ஆனால் அவசரத்தில் ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று வைத்துவிட்டால் கதை முடிந்தது. ஒரு வரியை அழித்தாலும் பழைய பதிப்பில் அது கிடக்கும். இன்னொன்று, சின்ன அமைப்புகளில் ஷீட் யாரோ ஒருவரின் சொந்த ஜிமெயிலில்தான் இருக்கும். அவர் கல்யாணமாகி வெளியூர் போனால் ஊர்க்கதையும் கூடவே போகும்.

லேப்டாப்பில் பாஸ்வேர்டு போட்ட எக்செல் கோப்பு நான் ஆதரித்தது. ஃபைலையே திறக்கவிடாத பாஸ்வேர்டு வேண்டும். திருத்தவிடாமல் மட்டும் தடுக்கும் ‘ஷீட் புரொடெக்ட்’ பூட்டு அல்ல, திரைச்சீலை. பாஸ்வேர்டு மறந்தால் கோப்பும் போச்சு, அவ்வளவுதான்.

சட்டமும் குறுக்கே வருகிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காகிதத்தில் மட்டும் இருப்பதைத் தொடாது. அதே தாளைப் படம் எடுத்து ஏற்றினால் உள்ளே வந்துவிடும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பைத் தமிழிலேயே கேட்கும் உரிமை வருபவருக்கு உண்டு. இதைப் பார்த்து “அப்ப நோட்டே போதும்” என்று பெரிய அக்கா சிரித்தார். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, அதில் காகிதம், கம்ப்யூட்டர் என்ற வித்தியாசம் இல்லை என்றதும் சிரிப்பு நின்றது.

கடைசியில் பெயர் நோட்டில், வேலையின் நிலவரம் எண்ணோடு எக்செல்லில் என்று பிரித்துக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் ‘நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க’ என்பதைத் தாண்டி எதுவும் இல்லை. ஆனால் பாதிச் சண்டையைத் தீர்த்தது வேறு ஒன்று. வாங்குவதையே குறைத்தோம். ஆதாரைப் பார்த்துவிட்டுக் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறோம். நகல் வேண்டியே தீரும் என்றால், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார். ஜெராக்ஸ் கட்டு பாதியாகிவிட்டது.

நான்கு வழிக்கும் எட்டாத ஓட்டை ஒன்று உண்டு, வருகிறவரின் போன். வீட்டுக்கே ஒரு போன், அது கணவர் சட்டைப்பையில். அதனால் தாளின் முதல் வரியில் மூன்று கேள்வி வைத்தோம்: எந்த நம்பர், எத்தனை மணிக்கு, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல? ஒருவர் யோசித்துவிட்டு, “தையல் கிளாஸ்லேர்ந்துன்னு சொல்லுங்கக்கா” என்றார். இப்போது எங்களிடம் தையல் படிப்பவர்கள் ஏழு பேர். மையத்தில் ஊசி நூல்கூடக் கிடையாது. (கிளாஸின் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)