ராகிக் கொல்லைக் காவலுக்கு எந்த லைட்? கையிலா, தலையிலா, பரணிலா, துப்பாக்கியிலா?

ஐப்பசி பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ராகி போட்டவர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்குகிற காலம் அது. சானமாவு, ஊடேதுர்க்கம் என்று காடு மாறி மாறித் தங்கி, கதிர் முற்றும் சமயம் பார்த்துக் கொல்லைக்கு வந்து நிற்கும். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம் வட்டாரத்தில் காட்டுப்பன்றியும் சேர்ந்துகொள்ளும். மரவள்ளியும் நிலக்கடலையும் போட்டவர்கள் யானையைவிடப் பன்றியைத்தான் அதிகம் திட்டுவார்கள்.

காவலுக்குப் போகிறவருக்குத் தடிக்கு முன்னால் வேண்டியது நல்ல வெளிச்சம். எதிரே நிற்பது மாடா, யானையா, பக்கத்துக் கொல்லைக்காரரா என்று தெரியாமல் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் ஆபத்து. ஆனால் இங்கே பலர் கையில் இருப்பது, சந்தையிலோ ஆன்லைனிலோ பெட்டி மேலுள்ள எண்ணைப் பார்த்து வாங்கிய லைட். கை டார்ச், தலையில் மாட்டும் ஹெட்லைட், பரணில், அதாவது கொல்லைக்கு நடுவே காவலுக்குப் போடும் உயர மேடையில், கட்டும் ஃபோகஸ் லைட், துப்பாக்கியில் கட்டும் லைட் என்று நான்கு வழிகள் நம் பக்கம் புழங்குகின்றன. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் அந்தப் பெட்டி எண். பெரிதாக அச்சடித்திருப்பது லூமென்: டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. அந்த வெளிச்சம் எவ்வளவு குவிந்து போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. கொல்லைக் காவலுக்குக் கேண்டெலாதான் முக்கியம். டார்ச்சுகளுக்கான ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற அளவுமுறையில், வெளிச்சம் 0.25 லக்ஸ் (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) ஆகக் குறைகிற இடம் வரைக்கும் உள்ள தூரத்தைத்தான் 'பீம் தூரம்' என்று போடுகிறார்கள். முழுநிலா நன்றாக அடிக்கும் ராத்திரியில் தரையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய அவ்வளவுதான். கேண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தூரம் மீட்டரில் வந்துவிடும். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். 40,000 கேண்டெலாவுக்கு 400 மீட்டர். தூரம் இரட்டிப்பாக வேண்டுமானால் குவிப்பு நான்கு மடங்காக வேண்டும். பெட்டியில் போட்ட தூரத்தில் பாதிக்குள் வந்தால்தான் ஆளா, விலங்கா என்று நம்பிச் சொல்ல முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வெளிச்சம் 1 லக்ஸ் இருக்கும்.

பத்தாயிரம் லூமென், ஐம்பதாயிரம் லூமென் என்று சில நூறு ரூபாய்க்கு விற்கும் டார்ச்சுகளின் எண்ணை நம்பாதீர்கள். உண்மையிலேயே சக்தி வாய்ந்த டார்ச்சும் முழு வெளிச்சத்தைச் சில நிமிடங்கள்தான் தரும். சூடு ஏறியதும் உள்ளிருக்கும் சர்க்யூட் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, கால் மணி நேரம் கழித்தும் எவ்வளவு வெளிச்சம் நிற்கும் என்பதுதான்.

கை டார்ச்

என் ஓட்டு இதற்குத்தான். கையில் பிடித்த லைட்டை உடம்பிலிருந்து தள்ளிப் பிடிக்கலாம், தாழ்த்தலாம், சட்டென்று அணைக்கலாம். மார்கழியில் தளிப் பக்கம் காவல் இருந்தவர்களுக்குத் தெரியும், விடியற்காலைப் பனிமூட்டம் எப்படி இறங்கும் என்று. அந்த நேரத்தில் லைட் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், பனித்துளிகளில் பட்ட வெளிச்சம் நேராகக் கண்ணுக்கே திரும்பி வெள்ளைத் திரை போட்டுவிடும். அதே டார்ச்சை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடியுங்கள். திரை மெலிந்து, வரப்பின் விளிம்பும் ராகித் தாளும் தெரியத் தொடங்கும். பனியில் முழு வெளிச்சத்தைப் போடுவதைவிடப் பாதியாகக் குறைத்துத் தாழப் பிடிப்பது நன்றாக வேலை செய்யும்.

சுவிட்சைக் கடையிலேயே அழுத்திப் பாருங்கள். டார்ச்சின் பின்முனையில் இருக்கும் சுவிட்ச், லேசாக அழுத்தினால் எரிந்து, விட்டால் அணைய வேண்டும். முழுக்க அழுத்தினால் நிலையாக எரிய வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பெரிது, சிறிது, மின்னல் வெட்டு, எஸ்.ஓ.எஸ். என்ற ஆபத்துச் சைகை என்று வரிசையாக மாறிக்கொண்டே போகும் ரகம் காவலுக்கு ஆகாது. பதற்றத்தில் வேண்டிய வெளிச்சம் வருவதற்குள் மின்னல் வெட்டு வந்து நிற்கும். யானை முகத்துக்கு நேரே அப்படி வெட்டி வெட்டி அடிப்பது அதைச் சீண்டுகிற வேலை.

குறை இல்லாமல் இல்லை. ஒரு கை போய்விடும். கம்பியைத் தாண்டும்போதும், பரணில் ஏறும்போதும், போன் எடுக்கும்போதும் தொந்தரவுதான். மணிக்கட்டில் கயிறு மாட்டிக்கொண்டால் பாதித் தொந்தரவு போகும். நைலான் கயிறாக இருந்தால் நழுவாத முடிச்சு போட்டு, முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிடுங்கள்.

ஹெட்லைட்

மடை திருப்பவும் மோட்டார் பெட்டியைப் பார்க்கவும் இதைவிட வசதி வேறில்லை. ஆனால் காவலுக்கு இதை மட்டும் நம்பிப் போவது நல்லதல்ல. நெற்றியில் இருப்பதால் பனி பிரச்சினை இங்கேதான் மிக மோசம். பூச்சி முகத்தில் வந்து மொய்க்கும். அதைவிடப் பெரிய தொல்லை, கூட இருப்பவரைத் திரும்பிப் பார்த்துப் பேசும் ஒவ்வொரு முறையும் அவர் கண்ணைக் கூசவைத்துவிடுவது. "அண்ணா, லைட்ட கீழ காட்டுங்க" என்று கேட்காத காவல் ராத்திரி கிடையாது. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு தரம் வெள்ளை வெளிச்சம் முகத்தில் அடித்தால் அந்தப் பழக்கம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

சிவப்பு வெளிச்சம் உள்ள ஹெட்லைட் கிடைத்தால் வாங்குங்கள். மங்கலான சிவப்பில் கண்ணின் இருட்டுப் பழக்கம் அதிகம் கெடாது. செருப்பைத் தேடவும், பரணில் படி பார்க்கவும், டீ ஊற்றவும் அது போதும். வாரைத் தலையில் மாட்டாமல் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டால் காலடியில் மட்டும் வெளிச்சம் விழும். காலடியில் பாம்பு இருக்கிறதா என்று பார்க்க அதுவே நல்ல இடம்.

பரண் லைட்

பரணின் மேல் மூங்கில் கம்பில் எல்.இ.டி. ஃபோகஸ் லைட்டைக் கட்டி ராத்திரி முழுக்க எரியவிடுவது ஒரு பழக்கம். மனசுக்குத் தைரியமாக இருக்கும். ஆனால் வெளிச்சத்துக்குள் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு, அந்த வட்டத்துக்கு வெளியே எல்லாமே கறுப்புச் சுவர். அவர் மட்டும் எல்லாத் திசைக்கும் தெரிவார். நிலையாக எரியும் லைட்டுக்கு விலங்குகள் பழகியும் போகும். சோலாரில் விட்டு விட்டு மின்னும் சின்ன விளக்குகளும் அப்படித்தான். முதல் சில நாள் தயங்கும், பிறகு பக்கத்திலேயே மேயும்.

பரண் லைட் வேண்டுமென்றால் கட்டும் இடத்தை மாற்றுங்கள். பரணிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, காடு பார்த்த பக்கம், ஆள் உயரத்துக்குக் கீழே, வெளிச்சம் வெளிப்பக்கம் மட்டும் போகும்படி பின்னால் ஒரு தகரம் வைத்துக் கட்ட வேண்டும். சுவிட்ச் மட்டும் பரணில் இருக்கட்டும். 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். லைட்டுக்கு என்று இழுத்த மெயின் லைன் நாளைக்கு வேலிக்கம்பிக்குப் போய்விடக் கூடாது. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துப் போயின, குட்டிகள் இரண்டு மட்டும் தப்பின. அப்படிப்பட்ட கம்பியில் மாட்டி மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

துப்பாக்கியில் கட்டும் லைட்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இளைஞர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். அங்கே ரைஃபிளுக்கென்றே லைட் செய்கிறார்கள். ஷ்யூர்ஃபயர், ஸ்ட்ரீம்லைட் போன்றவை பெயர் பெற்றவை. துப்பாக்கியின் மேல் இருக்கும் பல்வெட்டுப் பட்டையிலோ (பிக்காடின்னி ரயில்) நீள்துளையிலோ (எம்-லாக்) லைட்டைப் பிடிக்கும் மவுண்டை முறுக்கி, லைட்டின் முகம் குழலின் முனைக்குப் பக்கத்தில் வரும்படி வைப்பார்கள். பின்னால் தள்ளி வைத்தால் குழலின் நிழல் வெளிச்சத்தில் ஒரு பக்கத்தை மறைத்துவிடும். திருகு அதிர்ச்சியில் கழலாமல் இருக்கப் பசை போட்டு, சரியான முறுக்கு அளவு பார்த்து இறுக்குவார்கள். முன்கை பிடிக்கும் இடத்தில் அழுத்து சுவிட்ச் வைப்பார்கள். செல்லைத் தாங்கும் ஸ்பிரிங் இரண்டு பக்கமும் உண்டு, பின்னுதைப்பில் செல் குதித்துத் தொடர்பு விட்டுப் போகாமல் இருப்பதற்காக. இத்தனையும் உள்ள பொருளுக்கு விலையும் அதற்கேற்றபடி.

நம் பக்கத்து நிலவரம் வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தருவதைப் பற்றிப் பேசுகிறது. அந்த வகைத் துப்பாக்கியில் ரயிலும் கிடையாது, துளையும் கிடையாது. டார்ச்சைச் சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டுவார்கள். ஒரு வெடியில் கட்டு நகரும், சாதா டார்ச்சின் ஸ்பிரிங் தொடர்பு விட்டு அணைந்தும் போகும். அணையாவிட்டாலும், கரிமருந்துப் புகை கண் முன்னால் வெள்ளையாக நிற்கும்போது அதில் விழும் வெளிச்சம் எதையும் காட்டாது. ஆபத்து மிக அதிகமான அந்த நொடியில் பார்வை போய்விடுகிறது.

என் முக்கியமான எதிர்ப்பு வேறு. லைட் துப்பாக்கியில் இருந்தால், எதைப் பார்க்க வேண்டுமோ அதன் மேல் குழலை நீட்டித்தான் பார்க்க முடியும். கொல்லையில் ராத்திரி சத்தம் கேட்டால் அது பக்கத்துக் காவல்காரராக இருக்கலாம், தண்ணீர் திருப்ப வந்தவராக இருக்கலாம், கட்டறுத்துக்கொண்டு வந்த மாடாக இருக்கலாம். அத்தனை பேர் மேலும் நிரப்பிய குழலைத் திருப்பிய பிறகுதான் யாரென்று தெரியும். ஆயுதப் பயிற்சி பெற்றவர்கள் இதனால்தான் தேடுவதற்குத் தனியாகக் கை டார்ச் வைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கி லைட் அவர்களுக்குத் தேடும் லைட் இல்லை. உரிமம் இருக்கிறவரும் துப்பாக்கியில் லைட்டைக் கட்டாமல் இருப்பதே நல்லது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுதான்: ஒப்படைத்துவிடுங்கள். யானை வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருப்பது. அதன் மேல் ஒரு தோட்டா பட்டாலும் ஜாமீனுக்கே அலைய வேண்டும், காயம்பட்ட யானையோ ஊருக்கே ஆபத்து.

இன்னொன்று, பன்றிக்காக லைட் வாங்குகிறவர்களுக்கு. மான், நாய், சிறுத்தை இவற்றின் கண்ணுக்குள் பின்பக்கத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு, டார்ச் பட்டால் பளிச்சிடும். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. கண் மின்னவில்லை என்பதற்காகக் கடலைக் கொல்லையில் எதுவும் இல்லை என்று இறங்கிவிடாதீர்கள். செடி அசைகிறதா, மண் கிளறும் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். அதற்குச் சுற்றிலும் கொஞ்சம் சிந்தும் வெளிச்சமும் வேண்டும். ஊசிபோலக் குவிந்து போகும் டார்ச் பன்றிக்கு உதவாது.

செல்லும் சார்ஜும்

சந்தையில் விற்கும் பெரிய பிளாஸ்டிக் சார்ஜ் டார்ச்சுக்குள் பெரும்பாலும் இருப்பது ஈயபேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் செத்துவிடும், அடுத்த ஐப்பசியில் எடுத்தால் எரியாது. நான் சொல்வது 18650 லித்தியம் செல் போடும் டார்ச். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் அந்தப் பெயர். நல்ல செல் ஒன்றின் கொள்ளளவு பெரும்பாலும் 3500 மில்லி ஆம்பியர் மணியைச் சுற்றித்தான். அதன் மேல் 9900 என்று போட்டிருந்தால் போலி. கையில் தூக்கினாலே தெரியும். உண்மையான செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும், போலி காலிக்கூடாக லேசாக இருக்கும். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமலும் இறங்காமலும் தடுக்கும் பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல்லையே வாங்குங்கள். டார்ச்சிலேயே சி டைப் சார்ஜ் வசதி இருந்தால் பவர் பேங்கிலேயே ஏற்றிக்கொள்ளலாம், கரண்ட் போகும் ஊருக்கு அது பெரிய உதவி. தண்ணீர்த் தாக்குதலுக்கு ஐ.பி.எக்ஸ்.7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், மடையில் விழுந்தாலும் கவலை இல்லை.

இப்போது வாங்கப் போகிறவருக்கு: 10,000 முதல் 20,000 கேண்டெலா வரை உள்ள, பின்முனை சுவிட்ச் உள்ள கை டார்ச் ஒன்று, சிவப்பு வெளிச்சம் உள்ள சின்ன ஹெட்லைட் ஒன்று, உதிரி செல் ஒன்று, பிளாஸ்டிக் டப்பாவில். செல்லைச் சில்லறையோடும் சாவியோடும் சட்டைப்பையில் போடாதீர்கள், அந்த உலோகம் செல்லின் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் பையிலேயே சூடேறிப் பற்றிக்கொள்ளும். யானை தெரிந்தால் முகத்துக்கு அடிக்காமல் தரையில் அடித்து, அது போக வழிவிட்டு, பரணிலோ வீட்டிலோ இருந்துகொண்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். விரட்டுகிற வேலை வேட்டைத் தடுப்புக் காவலர்களுடையது. தை முடிந்து ராகி களத்துக்கு வந்த பிறகு, செல்லைப் பாதி சார்ஜில் கழற்றித் தனியே எடுத்து வையுங்கள். டார்ச்சின் மூடித் திருகில் படிந்த மண்ணைத் துடைத்து, ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு சிலிக்கான் கிரீஸ் தடவி மூடுங்கள்.