அடி வாங்கிய பிறகு எவ்வளவு மிஞ்சும்? ஆக்சைடும் சிலிக்கன் கார்பைடும்

சிறிய ஜெட் இன்ஜின் ஒன்றின் வெளியேற்றுக் கூம்புக்கு எந்த செராமிக் காம்போசிட்டை (பீங்கான் இழைகளைப் பீங்கான் மேட்ரிக்ஸில், அதாவது சுற்றியுள்ள நிரப்புப் பொருளில், பதித்த பொருள்) எடுப்பது, ஆக்சைடா சிலிக்கன் கார்பைடா என்ற பேச்சு வந்தபோது, எங்கள் குழு ஆக்சைடு ரகத்தை எடுத்தது. அதற்காக அதிகம் வாதாடியவன் நான்.

தெரிந்த கணக்கை முதலில் முடித்துவிடலாம். இரண்டுமே எடையில் நிக்கல் உலோகக்கலவையின் மூன்றில் ஒரு பங்குதான். சிலிக்கன் கார்பைடு ரகம் சுமார் 1300 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஆக்சைடு ரகம் 1200-ஐ நெருங்கும்போதே திணறும். இழுவிசை வலிமையிலும் சிலிக்கன் கார்பைடுதான் முன்னே: 300 மெகாபாஸ்கலைத் தாண்டும். நெக்ஸ்டெல் 720 என்ற அலுமினா சார்ந்த இழை போட்ட ஆக்சைடு 170-ஐ ஒட்டியே நிற்கும். விலையில் ஆக்சைடு மலிவு.

இனி அடிக்கு வருவோம். ஓடுபாதைக் கல், கழன்ற திருகு, எரி அறையிலிருந்து உதிரும் கரி என்று எது வேண்டுமானாலும் வந்து மோதலாம். நாசா ஆய்வாளர்கள் 1.59 மில்லிமீட்டர் எஃகுக் குண்டுகளை விநாடிக்கு 115 முதல் 440 மீட்டர் வேகத்தில் சிலிக்கன் கார்பைடு காம்போசிட் மீது ஏவிப் பார்த்தார்கள். அதிக வேகத்தில், இழையில்லாத சிலிக்கன் நைட்ரைடைவிட இது நன்றாகவே தாக்குப்பிடித்தது. முதுகில் முழுத் தாங்கல் இருந்த துண்டுகளைவிட, ஓரங்களில் மட்டும் தாங்கல் இருந்தவை அதிக வலிமையை இழந்தன. முன்பக்கம் சின்னக் குழிதான் தெரியும். உள்ளே கூம்பு வடிவில் விரிசல் பரவி, பின்பக்க அடுக்குகள் பிளந்திருக்கும். ஆக்சைடு ரகத்திலும் சேதத்தின் முகம் ஏறக்குறைய இதுதான்.

அடித்த கையோடு வலிமையை அளந்தால் ஆக்சைடு ஜெயிக்கும் என்று நான் சொல்லவில்லை. அதன் அடுக்குகளுக்கு இடையிலான பிடிப்பு பலவீனமானது. பிளவு அகலமாகப் பரவும். அமுக்குவிசை வந்தால் பிளந்த அடுக்குகள் தாங்காமல் வளைந்துவிடும்.

என்னைச் சாய வைத்தது அதற்கு அப்புறம் நடப்பதுதான். அடிபட்ட பாகம் உடனே கழற்றப்படுவதில்லை, அடுத்த பரிசோதனை வரை பறக்கிறது. சிலிக்கன் கார்பைடு இழைகளைச் சுற்றி போரான் நைட்ரைடு பூச்சு உண்டு. விரிசல் இழையை அறுக்காமல் ஓரமாக விலகிப் போவது அதனால்தான். விரிசல் திறந்ததும் எரிந்து வரும் சூடான வாயுவில் உள்ள நீராவி உள்ளே நுழைகிறது. 700, 800 டிகிரி வாக்கில் பூச்சு ஆக்சிஜனேற்றமடைந்து கண்ணாடியாகி, இழையையும் மேட்ரிக்ஸையும் ஒட்டவைத்துவிடும். பிறகு விரிசல் விலகாது, இழையையே அறுக்கும். அதோடு, நீராவியைத் தடுக்கும் மேல்பூச்சு மோதிய இடத்தில் உதிர்ந்திருந்தால் பரப்பும் மெல்ல அரிக்கப்படும். அடிபட்ட அன்று அளந்த மிச்ச வலிமை, நூற்றுக்கணக்கான மணி நேரம் கழித்து அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

ஆக்சைடு ரகத்தில் மேலும் ஆக்சிஜனேற்றமடைய எதுவும் மிச்சமில்லை. இழைப் பூச்சும் அவசியமில்லை. மேட்ரிக்ஸில் உள்ள நுண்துளைகளே விரிசலைத் திசைதிருப்புகின்றன. 1000 டிகிரிக்குக் கீழே வைத்திருந்தால் அந்தத் துளைகள் எளிதில் அடைபடாது. இன்று 120 மெகாபாஸ்கல் மிஞ்சியிருக்கிறது என்றால், அந்த எண்ணை வைத்து அடுத்த பரிசோதனைவரை கணக்குப் போடலாம். குறைந்த வலிமைதான், ஆனால் நம்பலாம். பராமரிப்புக்கு எனக்கு வேண்டியது அதுதான்.

சேதத்தைத் தேடுவதில் சிலிக்கன் கார்பைடுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. உருக்கிய சிலிக்கன் ஊட்டிய ரகம் மின்சாரத்தைக் கடத்தும். மின்தடை ஏறுவதை வைத்தே விரிசலைக் கண்டுபிடிக்கலாம். ஆக்சைடு கடத்தாது என்பதால் நாங்கள் வெப்பப் படமெடுப்பை நம்புகிறோம். அடுக்குப் பிளவை அது நன்றாகக் காட்டும், நுண்விரிசலை அந்த அளவுக்குக் காட்டாது.

என் அனுபவம் வெளியேற்றுப் பகுதியோடு சரி. குளோபல் 7500 விமானத்தின் பாஸ்போர்ட் இன்ஜினிலும் ஆக்சைடு ரகம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. டர்பைன் பக்கம் போனால் வெப்பமே பதிலைச் சொல்லிவிடும்: 2016-இல் சேவைக்கு வந்த லீப் இன்ஜினில் உயரழுத்த டர்பைனின் உறைவளையம் சிலிக்கன் கார்பைடுதான், அங்கே நானும் அதையே எடுப்பேன். எதை எடுத்தாலும் பின்பக்கத்தைப் பார்க்க போரோஸ்கோப் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் மெல்லிய குழாய்க் கருவி) நுழையும் அளவுக்கு ஒரு துளையை வரைபடத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாகம் தயாரிப்புக்குப் போன பிறகு அதைத் தர யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.