வீட்டில் அணியும் ஈசிஜி பட்டையை வாடகைக்கு எடுப்போர் கவனத்திற்கு

அவ்வப்போது படபடப்பும் தலைசுற்றலும் வந்துபோனதால், மார்பில் ஒட்டும் கம்பியில்லா ஈசிஜி பட்டையை வீட்டிலேயே அணியுமாறு என் தந்தைக்கு மருத்துவர் பரிந்துரைத்தார். கருவியை வாடகைக்குத் தந்த நிறுவனம், தங்கள் மையத்தில் 24 மணி நேரமும் ஆட்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள், துடிப்பில் கோளாறு தெரிந்தால் உடனே அழைப்பார்கள் என்று உறுதியளித்தது.

இவ்வகைப் பட்டை புளூடூத் வழியாகக் கைபேசி போன்றதொரு பெட்டிக்குப் பதிவை அனுப்ப, அங்கிருந்துதான் அது இணையம் வழியாக மையத்தைச் சென்றடைகிறது. இடையில் சுவர்கள் இருந்தால் சில மீட்டர் தொலைவிலேயே தொடர்பு அறுபடலாம் என்பதை ஒட்ட வந்தவர் சொல்லவேயில்லை. மார்பு முடியை மழிக்காமல், தோலைத் துடைத்து உலர்த்தாமல், சட்டையை விலக்கி ஒட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்றிரவே வியர்வையில் ஓர் ஓரம் பெயர்ந்து, பெட்டியில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. அழைத்துக் கேட்டபோது, "அது அப்படித்தான் எரியும், கழற்றிவிடாதீர்கள்" என்றார்கள். பிறகு ஒரு மாலையில் அப்பாவுக்குத் தலை சுற்றியது. ஒரு கையால் நாற்காலியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் பட்டையின் பொத்தானை அழுத்தினார். மையத்திலிருந்து எவரும் அழைக்கவில்லை.

அறிக்கையின் முதல் பக்கம் 'குறிப்பிடத்தக்க கோளாறு இல்லை' என்றது. கடைசிப் பக்கத்திலோ, பதிவான நேரத்தில் பாதிக்கும் குறைவானதே ஆய்வுக்கு உகந்ததாக இருந்தது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்த மாலைப் பதிவு அறிக்கையில் இல்லவே இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) போன்ற கோளாறுகள் வந்து வந்து மறையக்கூடியவை. பக்கவாதம் வரையில் கொண்டுபோய் விடக்கூடியவை. விடுபட்ட மணிநேரங்களை மறைத்து நலம் என்று எழுதித் தருவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இதயநோய் மருத்துவரும் அவ்வறிக்கையை ஏற்காமல், மறுபடியும் கண்காணிக்கச் சொல்லிவிட்டார்.

உடனுக்குடன் பார்ப்பது வேறு, பதிவைச் சேமித்துப் பின்னர் ஆய்வது வேறு; இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். ஆகவே பதிவை யார், எப்போது பார்க்கிறார்கள், தொடர்பு அறுந்தால் யார் அழைப்பார்கள், ஆய்வுக்கு உகந்த நேரம் குறைந்தால் கட்டணமின்றி மறுபடி ஒட்டுவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நேரலைக் கண்காணிப்பே இருந்தாலும், சில மின்முனைகள் மட்டுமே கொண்ட பட்டையால் மாரடைப்பு இல்லையென்று உறுதிசெய்ய முடியாது என்பதால், நெஞ்சுவலி வந்தால் மையத்தின் அழைப்புக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முழு மூலப்பதிவையும் கேட்டு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம், இதுவரை தரவில்லை.